மழை நாளில் கெம்பியின் ஆஜர்

1

தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கி இந்த ஐப்பசியோடு மூன்று வருஷம் முடிகிறது. முதல் வருஷம் அந்த நாளில் அழுதேன். இரண்டாம் வருஷம் அம்மாவுக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினேன். இந்த வருஷம் பிட்டு அவித்தேன். அரிசி மாவுக்குப் பதில் கேழ்வரகு மாவு, தேங்காய்ப்பூவும் கைப்பிடிதான். யாழ்ப்பாணத்தில் இதைப் பிட்டு என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எனக்கோ ஆவி மணம் வந்ததும் எங்கள் குசினியே வந்து நின்றதுபோல இருந்தது.

ஆறு வயது மகள் தவமணி தட்டைப் பார்த்துவிட்டு, "களி கிண்டலயாம்மா? எதுத்தாப்புல ராஜம்மா வூட்ல களி" என்றாள்.

இங்கே வந்தபோது அவள் பேசிய பேச்சில் ஒரு சொல்கூட இப்போது அவள் வாயில் இல்லை. அப்பாவிடம் மட்டும், அவர் சிரிப்பார் என்பதற்காக, ஆமாம் என்பதற்கு "ஓமப்பா" என்பாள். அதுவும் விளையாட்டுக்குத்தான்.

என் கணவர் பாலக்கோட்டுச் சின்ன ரயில் நிலையத்தில் டிக்கெட் குமாஸ்தா. மொரப்பூரிலிருந்து ஓசூர் போகும் இந்த ரயில், நம் ஊர் மாட்டுவண்டிக்கு வேகத்தில் கூடப்பிறந்த தம்பி. உலக யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமாம், தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார்களாம் என்று பேச்சு. அப்படி நடந்தால் எங்களை எங்கே அனுப்புவார்களோ தெரியாது. அதை நினைக்கத் தொடங்கினால் கை வேலை ஓடாது; ஆகையால் நினைப்பதில்லை.

ஊரில் எனக்குப் பெயர் கொழும்பம்மா. நான் கொழும்பை ஒருநாளும் கண்டதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டு, "செரிங்க கொழும்பம்மா" என்றார்கள்.

பிட்டு அவித்த அன்று மாலை தவமணி பள்ளியிலிருந்து நனைந்து வந்தாள். தலை நனையவில்லை. பாவாடையின் பின்புறம் மட்டும் சேறும் தண்ணீருமாக இருந்தது.

"எங்கே விழுந்தாய்?"

"உழுவல. வெளிய ஒக்காந்தேன். கெம்பிகூட."

2

இதை விளக்க அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கத்தைச் சொல்லவேண்டும்.

ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளி அது. ஓடு வேய்ந்த ஒரே நீள அறை. முன்னால் கூரை சரிந்த தாழ்வாரம். சேரியிலிருந்து வரும் ஐந்து பிள்ளைகள் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, சன்னல் வழியாகப் பாடம் கேட்பார்கள். சட்டப்படி அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. எங்கே உட்காரவேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் தாழ்வாரம் ஒழுகும். அப்போது பெரிய வாத்தியார், "நாளைக்கு வாங்கடா" என்று அவர்களை அனுப்பிவிடுவார். அன்றைக்கு அவர்கள் பெயரைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத பெயருக்கு நேரே ஆப்சென்ட்.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் இது மாறும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஐந்து பேரையும் உள்ளே அழைத்து, தலை வாரி, மற்றவர்களோடு பலகையில் உட்கார வைப்பார்கள். அவர் போனதும் மறுபடி வெளியே. யாரும் இதை வஞ்சனை என்று நினைப்பதில்லை. விருந்தாள் வந்தால் நல்ல பாயை எடுத்து விரிப்பதுபோல.

இந்த முறை இன்ஸ்பெக்டர் வந்தபோது கெம்பியைத் தவமணியின் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கெம்பிக்கு ஒன்பது வயது. கணக்கில் வகுப்பிலேயே முதல். இருவரும் ஒரே சிலேட்டுக் குச்சியை உடைத்துப் பகிர்ந்திருக்கிறார்கள். மறுநாள் கெம்பி வெளியே போனாள். தனக்கும் அதுதான் புது இடம் என்று என் மகள் எழுந்து பின்னாலேயே போய்விட்டாள்! வாத்தியார் கூப்பிட்டதற்கு, "நாங்க ரெண்டு பேரும் ஒரே பலகைங்க சார்" என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. பெருமை கடைசியாகத்தான் வந்தது. இந்த வரிசையை மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் காலை ரயில் வேலிக்கு அப்பால் ஒரு பெண் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். கெம்பியின் அம்மா சென்னம்மா.

"தாயீ, ஒங்க பாப்பாவ உள்ளயே ஒக்காரச் சொல்லுங்க" என்றாள்.

அவள் நன்றி சொல்ல வந்திருப்பாள் என்று எண்ணிய என் மனத்தை என்னவென்று சொல்ல!

"ஏனம்மா?"

"அது வெளிய ஒக்காந்தா, எம் பொண்ணுதான் கூப்புட்டாளும்பாங்க. ஊருப் பொம்பளைங்க ஏற்கெனவே பேசிக்கிறாங்க. கெம்பி மூணாவது வருசமா ஒண்ணாங் கிளாசு. கணக்கு வாராம இல்லீங்க. மழ நாளெல்லாம் லீவு போட்டுடறாங்களா, நாளு பத்தலன்னு பாஸ் போடறதில்ல. இந்த வருசமும் மேல் கிளாசுக்குத் தள்ளலன்னா ஆடு மேய்க்க உட்டுடறேன்னுட்டாரு அவங்கப்பன். இப்ப இதும் சேந்தா பேரயே அடிச்சிடுவாங்க."

"நான் வாத்தியாரிடம் பேசுகிறேன்."

"பேசுங்க. ஆனா எம் பேர சொல்லிராதீங்க" என்றாள். கட்டைத் தூக்கிவிட யாராவது வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் போய்த் தூக்கிவிட்டிருக்கலாம் என்பது அவள் எப்படியோ தானே தலையில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் தோன்றியது.

3

பெரிய வாத்தியார் கெட்டவர் அல்ல. ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறது. தவமணியைச் சேர்த்த நாளிலிருந்து எனக்கு அவரைத் தெரியும்.

அந்த நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். படிவத்தில் ஊர், தகப்பன் பெயர் எல்லாம் எழுதிவிட்டு, ஜாதி என்ற கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார். "நீங்க என்னாங்க? உங்க பக்கத்து ஆளுங்கள எதுல சேர்த்துக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். நான் எங்கள் குலத்தைச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. எங்களுக்கு வயல் உண்டு, கோயிலில் முதல் மரியாதை உண்டு என்று யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப பாப்பா உள்ளதாங்க" என்றார். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அன்று தாழ்வாரத்தைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். அங்கே பிள்ளைகள் இருந்தார்களா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவில்லை. கடைசியில் அவர் அந்தக் கட்டத்தில் 'கொழும்பு' என்றுதான் எழுதியிருந்தார் என்பதைப் பின்னால் கண்டு சிரித்தோம்.

இப்போது அவர் என்னைக் கண்டதும் தானே தொடங்கினார்.

"வாங்கம்மா. பாப்பாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. சின்னது, வெளையாட்டுப் புத்தி. ஆனா நாலு பேரு வந்து கேக்கறாங்க. பத்துப் புள்ள நின்னுபோச்சுன்னா போர்டுல ஒரு வாத்தியார எடுத்துடுவாங்க. சின்ன வாத்தியாருக்கு இப்பத்தான் கண்ணாலம் ஆச்சு."

"அந்தப் பிள்ளைகள் மழையில் நனைகிறார்களே, ஐயா."

"எனக்கும் மனசு கேக்கலீங்க." உண்மையாகவே சொன்னார். "ஒண்ணு செய்யலாம். சாக்குல ஒரு படுதா தெச்சுத் தாழ்வாரத்துல கட்டிட்டா மழத் தண்ணி அடிக்காது. நீங்க தையலு தெரிஞ்சவங்க."

எனக்கு அது மிக நல்ல யோசனையாகப் பட்டது. யாருக்கும் மனவருத்தம் இல்லை. பிள்ளைகள் நனையமாட்டார்கள், நாளும் குறையாது. நாளைக்கே சாக்கு வாங்கித் தைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் கணவரும் கேட்டுவிட்டு, "அதுதான் புத்தி" என்றார். "இஞ்சேரும், நாங்கள் வந்த சனம். இவையின்ர ஊர் விஷயத்தில நாங்கள் தலைபோடக்கூடாது. படுதா தைச்சுக் குடுத்திட்டுப் பேசாமல் இரும்."

பேசாமல் இருந்தேன். மூன்று சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கத் தொடங்கினேன். பாதி தைத்தபோது ஊசி நின்றுவிட்டது.

4

இதை வாசிக்கும் என் பள்ளித் தோழிகளுக்கு பெரிய மகிழமரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த வகுப்பறை நினைவிருக்கும். செல்லத்தையும் நினைவிருக்கும் என்று நம்புகிறேன். சுவரோரம் நிலத்தில் சாக்கு விரித்து உட்காருவாளே, அவள். எல்லோருக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்ததும் டீச்சர் அவளை எழுப்பி எங்கள் வாங்குப் பலகையின் நுனியில் உட்கார வைத்தார். அன்று மூன்று பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

நான் எழுந்து போகவில்லை என்பதை நெடுங்காலம் என் நல்ல குணங்களில் ஒன்றாக வைத்திருந்தேன். இவருக்குக்கூடக் கலியாணமான புதிதில் பெருமையாகச் சொன்னேன். ஆனால் நான் செய்தது வேறொன்று. என் துணிப்பையை எடுத்து எனக்கும் செல்லத்துக்கும் நடுவில் வைத்தேன். யாரும் சொல்லி வைக்கவில்லை. புத்தகம் எடுக்கக் கைக்கு அண்மையில் இருக்கட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் வைத்தேன். பிறகு அதுவே வழக்கமாயிற்று. செல்லம் அந்தப் பையை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்க அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று இப்போது விளங்குகிறது. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. உத்தரவு அப்படியே சுவரில் ஒட்டியிருந்தது.

சாக்குப் படுதாவை மடித்துப் பரணில் போட்டேன். மறுநாள் இவர் ஸ்டேஷனுக்குப் போனதும் பள்ளிக்குப் போனேன். வழியில் இரண்டு தடவை திரும்பினேன். ஊரார் கோபம் இவர் உத்தியோகத்தில் விழுந்தால்? கெம்பிக்கே தீங்காக முடிந்தால்? சென்னம்மா பயந்தது அதற்குத்தானே! ஆனால் படுதாவைக் கட்டிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வெளியேதான் இடம் என்று என் கையாலேயே தைத்துக் கொடுத்ததாகிவிடும்.

பெரிய வாத்தியாரிடம் வேறு பேச்சுப் பேசவில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் இரண்டு முறை எழுதிவைத்துப் போயிருக்கிறார். வாத்தியார் என்னைக் கேட்க, நானும் வீட்டு வேலை, உடம்பு என்று தட்டிக்கொண்டே வந்தேன்.

"தையல் வகுப்பு எடுக்கிறேன் ஐயா. சம்பளம் வேண்டாம். காலை முதல் மணியில், ஆஜர் எடுக்கும் நேரத்தில். ஆனால் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பாய். மழை பெய்தால் ஐந்து பேரும் உள்ளே இருக்கவேண்டும்."

அவர் நெடுநேரம் மேசையைத் துடைத்தார்.

"கேட்டா என்னான்னு சொல்றதுங்க?"

"கொழும்பம்மாவுக்கு ஊர் வழக்கம் தெரியாது என்று சொல்லுங்கள்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அது நெசந்தானுங்களே" என்றார்.

5

வகுப்புக்கு வருகிறேன் என்று சொன்னவர்கள் பதினொரு பேர். வந்தவர்கள் ஆறு பேர். எதிர்வீட்டுப் பச்சையம்மா அக்கா தன் மகள் ராஜம்மாவை முதல் நாள் அனுப்பவில்லை. எங்களுக்குப் பால் ஊற்றுவது அவர்தான். பெரிய பண்ணைக் குடும்பம். மறுநாள் பால் கொண்டுவந்தவர் செம்பை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏங்க கொழும்பம்மா, கடலத் தாண்டி வந்ததே எங்க ஊரக் கெடுக்கத்தானுங்களா?"

"ஊசியும் நூலும்தான் அக்கா கொண்டுவந்தேன்."

"அதான் இந்தப் புள்ள ராத்திரி பூரா அழுது தொலைக்குது. தவமணிக்குத் தெரியுதாம், தனக்குத் தெரியலியாம். செரி, வரட்டும். நாளைக்கு ஒரு ரவிக்க தெக்கத் தெரியணுமில்ல. ஆனா ஒண்ணு, வூட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டித்தான் உள்ள உடுவன். ஆமா!"

"அது உங்கள் வீடு அக்கா."

இப்படி ராஜம்மா வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பன்னோலைப் பாயை விரித்தேன். ஒரு நீளக் காடாத் துணியைப் பாயின் நடுவே போட்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, எல்லோரும் அதன் ஓரத்தையே மடித்துத் தைக்கும்படி சொன்னேன். சண்டை வராமல் இருக்க ஒரு யோசனையும் செய்தேன். ராஜம்மாவையும் கெம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், நடுவில் தவமணியை உட்கார வைத்தேன். இருவரும் தலை குனிந்து தைத்தார்கள். எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்துவிட்டேன் என்று எனக்கே ஒரு நிம்மதி.

நாலாம் நாள் தவமணி ஊசியைத் துணியில் குத்திவிட்டு முகத்தைத் தூக்கினாள்.

"அம்மா, தெனமும் நான் எதுக்கு நடுவுல? எனக்கு ஜன்னல்கிட்ட ஒக்காரணும்."

"சும்மா தை."

"அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல ஒக்கார மாட்டாங்கன்னுதான என்ன வெக்கிறீங்க?"

ஆறு வயது. நான் கெம்பியைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபடும் அந்த முகத்தை எனக்கு முன்பே தெரியும். பத்து வருஷம் கழித்து, கடல் தாண்டி வந்து, மறுபடி என் பையைத்தான் எடுத்து நடுவில் வைத்திருக்கிறேன். இந்த முறை பை என் பிள்ளை.

"எழும்பிப் போ. ஜன்னலடியில் இரு" என்றேன். வெகுநாளைக்குப் பிறகு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

அவள் போனாள். இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை அளவு பாய் வெறுமையாகக் கிடந்தது. கத்தரிக்கோல், நூற்கட்டை, என் கை எல்லாம் அந்த இடத்துக்கே போகப் பார்த்தன. ஒன்றையும் வைக்காமல் இருந்தேன். அந்த வாரம் முழுவதும் அது வெறுமையாகவே கிடந்தது. இரண்டு பேர் வகுப்பை விட்டு நின்றார்கள். அதில் ஒருத்தி திரும்பி வந்தாள். இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஸ்டேஷனில் யாரோ ஏதோ சொன்னதற்கு, "மனிசி தையல்தானே படிப்பிக்கிறா" என்று பதில் சொன்னதாகத் தானே வந்து சொன்னார்.

பச்சையம்மா அக்காவிடம், "மகளைக் குளிப்பாட்டுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க! இந்தக் குளிருல தெனம் தண்ணி காய வெக்க எங்கூட்ல என்ன வெறகுக் காடா இருக்குது? கால மட்டும் கழுவிக்கிட்டு வாடின்னுட்டன்."

பிறகு மழை வந்தது. ஐப்பசி கடைசி. காலையிலேயே இருட்டிக்கொண்டு, ஓட்டின்மேல் கல் கொட்டுவதுபோலப் பெய்தது. நான் பாயைச் சுருட்டிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினேன். ஐந்து பிள்ளைகளும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வாத்தியார், "நாளைக்கு வாங்க" என்று சொல்லும்வரை நிற்பது அவர்கள் பழக்கம். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கதவை விட்டு ஒதுங்கி நின்றார். பையன்கள் மூவரும் உள்ளே வந்து கதவோரமாகத் தனியே உட்கார்ந்தார்கள். அதற்கு மேல் அன்று அவர்களைச் சேர்க்க என்னால் முடியவில்லை. பெண்பிள்ளைகள் பாய்க்கு வந்தார்கள்.

சற்று நேரத்தில் ராஜம்மாவின் தோளில் ஓட்டுச் சந்திலிருந்து ஒழுகத் தொடங்கியது. அவள் மேலே பார்த்தாள். "தூ, ஒழுவுது" என்றாள். தையலை விடாமல், துணியையும் இழுத்துக்கொண்டு, வெறுமையாய்க் கிடந்த இடத்துக்கு நகர்ந்தாள். நகர்ந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. நான் குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினேன்.

வாத்தியார் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டார். ஆஜர், ஆஜர் என்று வரிசையாக வந்தது. பிறகு கொஞ்சம் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கெம்பி."

கெம்பி தைத்துக்கொண்டிருந்தாள். மழை நாளில் தன் பெயரைக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. காதில் விழுந்தும் அது தனக்கென்று அவளுக்குத் தோன்றவில்லை. வாத்தியாரின் பேனா பதிவேட்டின்மேல் காத்திருந்தது.

ராஜம்மா முழங்கையால் அவளை ஒரு இடி இடித்தாள்.

"ஏய், ஒன்னத்தான்டி கூப்புடறாரு. சொல்லேன்!"

கெம்பி முதலில் மழையைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள்.

"ஆஜருங்க" என்றாள்.